இருபதாம் நாள் தலை

முடி வெட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழும்போது எந்தத் தலையும் அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் தெளித்துச் சீவி, பிடரியில் பவுடர் ஒற்றி, முன்னும் பின்னும் கண்ணாடி காட்டி அனுப்பும் தலை அது. ஒரு கட்டிங் நல்லதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரியாது. தலைமுடி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர் வளர்கிறது. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர், இருபது நாளில் 7 மில்லிமீட்டர். காதுக்கு மேலே 1 மில்லிமீட்டர் விட்டு மழித்த முடி இருபதாம் நாள் 8 மில்லிமீட்டர் ஆகிவிடும். உச்சியில் 6 சென்டிமீட்டர் விட்ட முடியோ அதே நாளில் 6.7 சென்டிமீட்டர்தான் இருக்கும். ஒரே தலையில் ஓரம் எட்டு மடங்காகிறது, நடு அப்படியே நிற்கிறது. ஓரத்தைப் படிப்படியாக ஒட்ட இறக்கும் ஃபேட் கட்டிங் மூன்றே வாரத்தில் உருவம் கெடுவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். வெட்டியவர் கையில் குறையில்லை. ஓரத்தை மெஷின் தொடாமல் கத்தரியால் 2.5 சென்டிமீட்டருக்கு வெட்டியிருந்தால் இருபதாம் நாள் அது 3.2 ஆகும். கொஞ்சம் புசுபுசுவென்று தெரியும், ஆனால் வெட்டின உருவம் இருக்கும்.

ஆண்களின் முடியலங்காரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளைத்தான் எழுதுகிறார்கள். முகம் வட்டமா நீளமா, அதற்கு எந்தக் கட்டிங் பொருந்தும் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் மூன்று வாரத்தை, அந்தத் தலையோடு வேலைக்குப் போய், உப்புத் தண்ணீரில் குளித்து, ஹெல்மெட் மாட்டி, வெயிலில் நின்று வாழப்போகிறவர் தனியாகச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. கட்டிங்கைத் தேர்ந்தெடுப்பது என்றால் உண்மையில் பராமரிப்பைத் தேர்ந்தெடுப்பதுதான் என்பது என் எண்ணம். எந்தக் கட்டிங், எவ்வளவு பராமரிப்பு என்ற கேள்வியை வெண்ணந்தூரில் நின்று பார்ப்பது நல்லது. சேலத்துக்குத் தெற்கே, நாமக்கல் மாவட்டம் ராசிபுரம் வட்டத்தில், கைத்தறியும் விசைத்தறியும் ஓடும் பேரூர் அது. ஒரு பக்கம் முறுக்குக்குப் பேர்போன ஆட்டையாம்பட்டி, சற்றுத் தள்ளி ரிக் வண்டிகளின் திருச்செங்கோடு, தெற்கே லாரியும் கோழிப்பண்ணையும் நிறைந்த நாமக்கல். இந்த வட்டாரத்து ஆண்களின் தலைக்குப் பஞ்சு, டீசல், வெயில், கடினத் தண்ணீர் எல்லாவற்றோடும் தினசரி வழக்கு உண்டு.

முதலில் சலூன் நாற்காலியில் நடப்பதைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஃபேட் போடுகிறவர் மெஷினில் மூன்றாம் நம்பர் பிளாஸ்டிக் சீப்பை மாட்டிக்கொண்டு தொடங்குவார். அது 10 மில்லிமீட்டர் விடும். அடுத்து இரண்டாம் நம்பர், 6 மில்லிமீட்டர். பிறகு ஒன்றாம் நம்பர், 3 மில்லிமீட்டர். காதோரமும் பிடரியும் வரும்போது சீப்பைக் கழற்றிவிட்டு வெறும் மெஷின். ஒவ்வொரு நம்பர் மாறும் இடத்திலும் தலையில் குறுக்கே ஒரு கோடு விழும். கோடு யார் போட்டாலும் விழும், அதை அழிப்பதில்தான் தொழில் இருக்கிறது. மெஷினின் பக்கத்தில் கட்டைவிரலுக்கு எட்டும்படி ஒரு சின்ன நெம்புகோல் உண்டு. அதைப் பாதி திறந்து, மணிக்கட்டை வெளிப்பக்கமாகச் சுழற்றி, கரண்டியால் மாவை வழிப்பதுபோலக் கோட்டின்மேல் வழித்து வழித்து எடுப்பார்கள். கீழிருந்து மேலே கருமை கூடிக்கொண்டே போக வேண்டும், எங்கே கூடியது என்று சொல்ல முடியக்கூடாது. முக்கால் மணி நேரம் இடுப்பு வளைந்து நின்று செய்யும் வேலை. அந்த நுணுக்கத்தின் ஆயுள் பத்து நாள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய் உட்கார நேரமும் காசும் உள்ளவருக்கு அது சரியான கட்டிங். மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்கிறவர் அதைக் கேட்டு வாங்கினால் பாதி மாதம் உருவமில்லாத தலையோடு திரிய வேண்டும்.

அடுத்தது தலையே சொல்லும் விஷயம். உச்சிச் சுழி எந்தப் பக்கம் சுழல்கிறது, ஒற்றையா இரட்டையா என்பதை முடி நனைந்திருக்கும்போது பார்த்தால் தெரியும். இரட்டைச் சுழிக்காரருக்கு உச்சியில் ரொம்பக் குட்டையாக வெட்டினால் முடி கொத்தாக எழுந்து நிற்கும். அங்கே மட்டும் இரண்டு விரற்கடை நீளம் விட்டால் அதன் கனத்திலேயே படியும். வகிடு எடுப்பதும் அப்படித்தான். சுழி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முடியைச் சாயவிட்டால் ஜெல்லும் வேண்டாம், அடிக்கொரு தரம் சீப்பும் வேண்டாம். நம் ஊரில் சுருட்டை முடிக்காரர்களுக்குத்தான் அதிக அநீதி நடந்திருக்கிறது. சுருட்டை என்றாலே ஒட்ட வெட்டிவிடுவது, இல்லாவிட்டால் எண்ணெய் வழிய வாரிப் படிய வைப்பது என்று இரண்டே வழிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். சுருளை அதன் போக்கில் விட்டு, ஈரத்தில் விரலாலோ அகலப்பல் சீப்பாலோ கோதி, தானாகக் காயவிட்டால் அதுவும் பராமரிப்புக் குறைந்த தலைதான். ஓரம் வளர்ந்தாலும் சுருளுக்குள் மறைந்துவிடும் என்பதால் வெட்டின உருவம் இருபது நாளையும் தாண்டி நிற்கும். ஏறுநெற்றி தொடங்கியவர்கள் முன்முடியை நீளமாக வளர்த்து நெற்றியை மூடப் பார்ப்பார்கள். காற்றடித்தால் அது விலகும், விலகினால் இன்னும் வெறிச்சென்று தெரியும். ஓரத்தையும் குறைத்து மேலேயும் குறைத்து ஒரே சீராக வைத்தால் நெற்றிக்கும் முடிக்கும் உள்ள வேறுபாடு மங்கும். முகவடிவத்தைப் பற்றி இவ்வளவு சொன்னால் போதும்: வட்ட முகத்துக்கு மேலே உயரம் உதவும், நீள முகத்துக்கு மேலே உயரம் ஆகாது. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம்.

வேலை இதைவிடக் கறாரானது. விசைத்தறிக் கூடத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவரின் தலையில் பஞ்சுத் தூசி நரைபோல வந்து உட்காரும். எண்ணெய் தடவிய தலையில் அது ஒட்டிக்கொள்ளும், வியர்வையோடு சேர்ந்து அரிக்கும். ஆகவே தறிக்காரருக்கு எண்ணெய் தேய்க்கும் நேரம் இரவு, அலசும் நேரம் காலை. ஓடும் பெல்ட்டுக்கும் சுழலும் தண்டுக்கும் பக்கத்தில் குனிந்து இழை முடிகிறவர் தோளைத் தொடும் முடியை அவிழ்த்துவிட்டு நிற்கக்கூடாது. தளர்ந்த ஆடையோடு இயந்திரத்தை நெருங்கக்கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வைத்த விதிக்குப் பின்னால் உள்ள ஆபத்து முடிக்கும் உண்டு. நீள முடி வைக்க ஆசைப்படும் இளைஞர் வைக்கட்டும், கூடத்துக்குள் நுழையும்போது இறுக்கிக் கட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளட்டும்.

ரிக் வண்டியில் போகிறவர்கள் கதை வேறு. திருச்செங்கோட்டு ஆழ்துளை வண்டிகள் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று மாதக்கணக்கில் போகும். துளையிலிருந்து பீறிடும் கல்மாவும் சேறும் தலையில் காய்ந்து இறுகும். தெரியாத ஊரில், தெரியாத மொழியில் தனக்கு வேண்டியதைச் சொல்லி வெட்டிக்கொள்வதும் சுலபமில்லை. அவர்களில் பலர் புறப்படும் முன் ஒட்ட வெட்டிக்கொள்வதில் முழு நியாயம் இருக்கிறது. நாலு மில்லிமீட்டரில் தொடங்கினால் இரண்டு மாதம் கழித்தும் இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டாது. தலை முழுக்க ஒரே அளவில் வெட்டியதால் வளரும்போதும் ஒரே அளவாகவே வளரும். பராமரிப்பே வேண்டாத ஒரே கட்டிங் அதுதான். ஹெல்மெட்டால் வழுக்கை விழும் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஹெல்மெட் வழுக்கையை உண்டாக்குவதில்லை. உள்ளே ஊறிய வியர்வையைத் துவைக்காமல் விட்டால் பொடுகும் கொப்புளமும் வரலாம், அவ்வளவுதான். உள்துணியைக் கழற்றித் துவையுங்கள்.

இப்போது ஒரு பையன் போனில் படத்தைக் காட்டி இதுபோல வேண்டும் என்று கேட்கிறான். பெரியவர்களுக்கு அது புதுமையாகத் தெரிகிறது. ஆனால் தமிழ்நாட்டு ஆண் தன் தலையைத் தானே தீர்மானித்த காலம் என்று பழையதில் ஒன்றும் இல்லை, எப்போதும் யாரோ தீர்மானித்தார்கள். சங்ககாலப் பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியின் பெயரிலேயே குடுமி இருக்கிறது. குடுமி நெடுங்காலம் பல சாதியாருக்கும் பொதுவாக இருந்தது. முன்குடுமியா பின்குடுமியா என்பதில் குலமும் மரபும் தெரிந்தன. அதன்பின் பட்டாளம் வந்தது. 1805 நவம்பரில் சென்னைப் படையின் தளபதி ஜான் கிராடக், சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை ஒரே அளவில் இருக்க வேண்டும், புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு போட்டார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் வெடித்த புரட்சிக்கு உடனடிக் காரணங்களில் அந்த உத்தரவும் ஒன்று. தலையைத் தொட்டால் மானத்தைத் தொட்டதாகும் என்பதை வெள்ளைக்காரன் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான்.

ஒரு நூற்றாண்டு கழித்து, உத்தரவு இல்லாமலே குடுமி போகத் தொடங்கியது. காசியில் படிக்கப்போன பாரதி குடுமியை எடுத்துவிட்டு, மீசை வைத்து, தலைப்பாகை கட்டிக்கொண்டது எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்லூரியும் அலுவலகமும் பரப்பிய கிராப்பு, குடும்பங்களுக்குள் அப்பா பிள்ளைச் சண்டையாகவே நடந்து முடிந்தது. பிறகு சினிமா. எம்.கே. தியாகராஜ பாகவதர் நெற்றியிலிருந்து வாரித் தோளில் புரளவிட்ட முடி 'பாகவதர் கிராப்பு' என்றே பேர் வாங்கியது. அவருடைய 'ஹரிதாஸ்' 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்டபோது அந்தத் தலையைத் தன் தலையில் பார்க்க ஆசைப்படாத வாலிபர் குறைவு. தமிழ் சினிமாவின் ஒரு வேர் இந்த வட்டாரத்திலேயே இருந்தது என்பதை வெண்ணந்தூர்க்காரர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம். 1930களில் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கிய டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். 1950இல் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரிகுமாரி'யும், 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படமும் அங்கிருந்து வந்தன. பிறகு எழுபதுகளின் ஹிப்பி, எண்பதுகளின் ஸ்டெப் கட்டிங், அப்புறம் மஷ்ரூம், ஸ்பைக் என்று அலை அலையாக வந்து போயின. 'காக்க காக்க' வெளிவந்த 2003இல் போலீஸ் கட்டிங்குக்குப் புது மவுசு வந்தது.

இந்த வரிசையில் என் கண்ணுக்குப் பெரிய மாற்றம் 2011இல் வந்த 'மங்காத்தா'தான். அஜித் நரைத்த தலையோடு நாயகனாக வந்தார். நாற்பதைத் தொட்ட தமிழ் ஆணுக்கு நரையை மறைக்காமல் இருக்கலாம் என்ற துணிச்சலை ஒரு படம் கொடுத்தது. பராமரிப்பைக் கூட்டிய ஸ்டைல்கள் நிறைய உண்டு, குறைத்தது இது ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 'அண்ணா, சைடுல நல்லா எடுத்துடுங்க, மேல மட்டும் விடுங்க' என்று பையன் சொல்ல, பின்னாலேயே நிற்கும் அப்பா 'அவன் பேச்சைக் கேக்காதீங்க தம்பி, போலீஸ் கட்டிங்கே போட்டுடுங்க' என்று சொல்லும் வாக்குவாதம் எல்லாச் சலூனிலும் நடக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது கத்தரி பிடித்தவர். பல பள்ளிகள் ஓரத்தை வழித்து உச்சியில் மட்டும் முடி விடும் பாக்ஸ் கட்டிங், புருவத்தில் கோடு இரண்டையும் தடுக்கின்றன. சீரான முடி வேண்டும் என்று பள்ளி கேட்பதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கத்தரியால் நறுக்கிவிடுவது தண்டனை, அதுவும் அவமானப்படுத்தும் தண்டனை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனத்தைப் புண்படுத்தும் நடத்தையையும் தடை செய்திருக்கிறது. பதினான்கு வயதுப் பையனுக்குத் தன் உடம்பில் தன் இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக் கிடைப்பது முடி ஒன்றுதான். அந்த ஆசையை மதித்துப் பேசினால் பாதி தூரம் அவனே இறங்கி வருவான்.

கத்தரி பிடித்தவரைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. கொங்கு நாட்டுக் கல்யாணத்தில், கம்பர் பாடியதாக வழங்கும் மங்கல வாழ்த்தைச் சொல்கிறவர் நாவிதர். அவர் சொல்லி முடித்தால்தான் சடங்கு நிறையும். முடி திருத்துவதோடு சிரங்குக்கும் கட்டிக்கும் வைத்தியம் பார்த்தவர்கள் நாவிதர் வீட்டு ஆண்கள், பிரசவம் பார்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்ட கூலிக்கு ஊர் முழுதுக்கும் வீடு தேடிப் போய் உழைத்தார்கள். அவ்வளவு வேண்டப்பட்டவர்களை ஊர் சமமாக நடத்தவில்லை. சலூன் என்ற கடை வந்தது அவர்களுக்குப் பெரிய விடுதலை. திண்ணைக்கும் மரத்தடிக்கும் போய்க் காத்து நின்றவர் தன் கடையில் தன் நாற்காலிக்கு விலை சொன்னார். செவ்வாய்க்கிழமை கடை கிடையாது என்று ஊருக்கே சொல்லும் விடுமுறையும் அந்தச் சுயமரியாதையின் பகுதிதான்.

ஆனால் அதே கடை வாசலில் இன்னொரு கணக்கு தீராமல் கிடக்கிறது. தலித் இளைஞர்களுக்கு முடி வெட்ட மறுத்தார்கள் என்ற செய்தி தமிழ்நாட்டில் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. கடைக்காரர் மறுப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஆதிக்க சாதியாரின் மிரட்டல் இருக்கும், மிரட்டியவர் பெயர் வழக்கில் இருக்காது. காந்தி தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார முடிதிருத்துநர் தன்னைத் தொட மறுத்ததும் ஒரு மெஷினை வாங்கித் தன் முடியைத் தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஒருவாறு வந்தது, பின்பக்கம் பாழானது, நீதிமன்றத்தில் நண்பர்கள் சிரித்தார்கள். அவர் அந்தத் தொழிலாளியைக் குறை சொல்லவில்லை. நம் ஊர் நாவிதர் தீண்டப்படாதார் என்று ஒதுக்கப்பட்டவருக்கு வெட்ட நாம் விடுகிறோமா என்று நினைத்துப் பார்த்ததாகத் தன் சரிதையில் எழுதினார். 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கடைகளுக்குள் எல்லாரும் நுழையலாம் என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, கடை என்றால் சேவை தரும் இடமும் அடங்கும், சலவைக்கடையும் சவரக்கடையும் அதில் சேரும் என்று அம்பேத்கர் விளக்கினார். சேவை செய்ய மறுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் குற்றமாக்கியது. தன் ஊரில் உட்கார முடியாமல் பஸ் ஏறி வேறு ஊர் போய் முடி வெட்டிக்கொள்கிறவர் இருக்கும்வரை, எந்த முகத்துக்கு எந்தக் கட்டிங் என்ற பேச்சு எல்லாருக்குமான பேச்சாக இருக்க முடியாது.

தண்ணீருக்கு வருகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும், குளிக்கப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். கால்சியமும் மக்னீசியமும் கலந்த கடின நீர். அதில் சோப்புப் போட்டால் நுரைக்காது. சோப்பு அந்த உப்புகளோடு சேர்ந்து வெள்ளைக் கசடாகி முடியில் படியும். முடி சொரசொரக்கும், மங்கலாகத் தெரியும், சீப்பு சிக்கும். உப்புத் தண்ணீரால் முடி வேரோடு கொட்டுகிறது என்று ஊரில் உறுதியாகச் சொல்வார்கள். வேர் தோலுக்கு உள்ளே இருக்கிறது, தண்ணீர் அங்கே போவதில்லை. முடித்தண்டின் வலுவைக் கடின நீர் குறைக்கிறதா என்று நடந்த ஆய்வுகளில் சிலவற்றில் ஆம் என்றும் சிலவற்றில் வேறுபாடே இல்லை என்றும் வந்திருக்கிறது. நிச்சயமாகச் சொல்லக்கூடியது, தலைக்குக் குளியல் சோப்பு போடாதீர்கள் என்பதுதான். ஷாம்பூவில் இந்தக் கசடு வராது. கொங்கு வீடுகளில் தலைமுறையாக வைத்திருக்கும் அரப்பிலும் வராது. உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து அரைத்த பச்சைப் பொடி அது. அதிலும் சிகைக்காயிலும் அழுக்கெடுப்பது சபோனின் என்ற பொருள். அது சோப்பைப்போலக் கடின நீரோடு கட்டிப்படாது. இந்தத் தண்ணீரோடு வாழ்ந்தவர்கள் இந்தத் தண்ணீருக்கு ஏற்றதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அரப்பைவிட நல்ல துணை எனக்குத் தெரியவில்லை. பொடி தலையில் தங்காமல் அலசுவதுதான் அதில் சிரமம், குட்டை முடி ஆண்களுக்கு அந்தச் சிரமமும் இல்லை. கடைசிச் சொம்பு மட்டும் காவிரித் தண்ணீராக இருந்தால் போதும்.

தேங்காய் எண்ணெயைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு, இரண்டும் உண்மை. குளிப்பதற்கு முன் தடவினால் முடியின் புரதம் கரைந்து போவதைத் தேங்காய் எண்ணெய் குறைக்கிறது. கனிம எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் அந்தக் குணம் இல்லை என்று 2003இல் வெளிவந்த இந்திய ஆய்வு காட்டியது. ஆனால் பொடுகு உள்ளவர் எண்ணெயை நாள் முழுக்கத் தலையில் விடக்கூடாது. பொடுகுக்குக் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை கொழுப்பமிலங்களைத் தின்று வாழ்வது. பொடுகு என்றால் வறட்சி என்று நினைத்து மேலும் எண்ணெய் வைப்பது அதற்குச் சோறு போடுவதுதான். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இருமுறை, போட்டவுடன் அலசாமல் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, நான்கு வாரம் செய்தால் பெரும்பாலோருக்கு அடங்கும். அடங்காவிட்டால் தோல் மருத்துவர்.

சலூனில் கண்ணை மூடிக்கொள்ளாமல் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. சவரக் கத்தியில் மாட்டும் பிளேடு. புது உறையைக் கிழித்து, காகிதத்தோடு சேர்த்து இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவதை நம் கண் முன்னால் செய்ய வேண்டும். முந்தியவருக்குப் போட்ட பிளேடால் ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் பரவ வழியுண்டு. வெட்டுக்காயத்தில் தேய்க்கும் படிகாரக் கல்லும் ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்குக் கொண்டுபோகும். பிடரியில் மெஷினையும் பிளேடையும் ஒட்டப் பிடித்து வழிக்கும் ஃபேட் பழக்கத்தால் சிலருக்கு அங்கே சின்னச் சின்னக் கொப்புளம் வந்து, தழும்பாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது. கொப்புளம் வரும் உடம்பு உள்ளவர் பிடரியில் மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போகவிடக்கூடாது.

முடி கொட்டுவதைப் பற்றிய பயம்தான் ஆண்களிடம் அதிகம் காசு பறிக்கிறது. ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு முடிவரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், அது பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று திரும்ப முளைக்கும். அந்த இடைவெளியில் வாங்கிய எண்ணெய்க்குத்தான் பேர் கிடைக்கும். முன்னெற்றியும் உச்சியும் வருடக்கணக்கில் மெல்ல மெலிவது வேறு, அது பரம்பரையும் ஹார்மோனும். மினாக்சிடிலும் ஃபினாஸ்டிரைடும் அதற்கு நிரூபிக்கப்பட்ட மருந்துகள். நிறுத்தினால் பலனும் போய்விடும். ஃபினாஸ்டிரைடால் சிலருக்குப் பாலியல் சார்ந்த பக்கவிளைவு வரலாம் என்பதால் மருத்துவரிடம் பேசாமல் விழுங்கக்கூடாது. சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் 2016இல் உயிரிழந்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், முறையான பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜன்களும் தோல் மருத்துவர்களுமே அதைச் செய்யலாம் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. விளம்பரப் பலகையை நம்பிப் போகிறவர்கள் நாற்காலியில் உட்காருமுன் செய்யப்போகிறவரின் படிப்பைக் கேட்க வேண்டும். சாயத்தில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் சிலருக்குக் கண் மூடும் அளவுக்கு முகத்தை வீங்க வைக்கும். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்த பிறகுதான் தலைக்குப் போட வேண்டும்.

முடியைக் காணிக்கையாகக் கொடுத்துத் தலையைப் புதிதாகத் தொடங்குவது இங்கே பழைய வழக்கம். குலதெய்வக் கோயிலில் ஒரு மொட்டை, பழனியிலோ திருப்பதியிலோ இன்னொன்று. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது மட்டும் உண்மையல்ல. 1928இலேயே அமெரிக்க உடற்கூறியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் சவரத்தால் முடியின் தடிமனோ வேகமோ மாறவில்லை என்று அளந்து காட்டினார். நுனி கூர்மையில்லாமல் மொட்டையாக முளைப்பதால் கைக்குத் தடிப்பாகப் படுகிறது. ஆனால் வேறொரு நன்மை உண்டு. தலையின் எல்லா முடியும் ஒரே அளவிலிருந்து தொடங்குவதால், பல வருடமாக மாறாத கட்டிங்கை மாற்ற நினைப்பவருக்கு மொட்டைக்குப் பிந்திய நாலாவது மாதம் நல்ல நேரம். சபரிமலைக்கு மாலை போட்டவருக்கு முடி வெட்டாத 41 நாள் விரதத்தில் ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் வளர்ந்துவிடும். மாலை போடுமுன் ஓரத்தைக் கத்தரியால் வெட்டியிருந்தால் அந்த வளர்ச்சி தலைக்கு அழகாகவே இருக்கும். ஃபேட் போட்டிருந்தவர் தொப்பி வைத்தமாதிரி ஆகிவிடுவார்.

இனி நாற்காலியில் உட்கார்ந்ததும் என்ன சொல்வது என்பதுதான் பாக்கி. படம் காட்டுவதில் தப்பில்லை, அந்தப் படத்தில் உள்ளவருக்கும் நமக்கும் முடி ஒரே வகைதானா என்று வெட்டுகிறவரையே கேட்டுவிட வேண்டும். 'மீடியம்', 'ஷார்ட்' என்பவை ஆளுக்கொரு அளவு. மேலே எத்தனை விரற்கடை, ஓரத்தில் எத்தனையாம் நம்பர், கிருதா காதில் எதுவரை, பிடரியில் கோடா சரிவா என்று சொன்னால் குழப்பம் வராது. அடுத்து எப்போது வருவோம் என்பதையும் சொல்ல வேண்டும். 'அண்ணா, இனி தைப்பொங்கலுக்குத்தான் வருவேன்' என்றால் அவர் மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கத்தரியை எடுப்பார். தலைக்குக் குளித்துக் காய்ந்த மூன்றாம் நாள் எங்காவது தூக்கலாக நின்றால் திரும்பப் போய்க் காட்டலாம். தொழில் தெரிந்தவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். நிற்கவைத்தே இரண்டு நறுக்கு நறுக்கி, காசு வேண்டாம் என்று அனுப்பிவிடுவார்.